அரைப் பேர் வாங்கும் பொறியியலாளர்

[காட்சி: பனி விலகாத தலவாக்கலைச் சரிவு. பெரட்டுக்கு (காலை ஆளெடுப்புக்கு) நடப்பவர்கள்.]

அரைப் பேர் என்றால் என்னவென்று தேயிலைத் தோட்டத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பொழுதெல்லாம் கொழுந்து பறித்தும் நிறை குறைந்தால் செக்ரோலில், அதாவது சம்பளப் பதிவேட்டில், பாதிச் சம்பளம். அரச ஆய்வு நிறுவனங்களிலும் அரைப் பேர்க்காரர்கள் இருக்கிறார்கள். விஞ்ஞானிகளுக்காகக் கணினி நிரல் எழுதுகிறவர்கள்.

[காட்சி: மழைமானி, கணினித் திரை.]

2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் தொழிலாளர் குடியிருந்த லயங்கள் மண்ணுக்குள் போயின. அன்றிலிருந்து அடைமழை என்றாலே நமக்கு வயிற்றைக் கலக்குகிறது. 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் மண்சரிவு குறித்து விழிப்பாக இருக்கச் சொல்கிறது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம்.

அந்த மழையை ஒரு நிரல் கூட்டுவதாக வைத்துக்கொள்வோம். காலையில் 60, மாலையில் 50. இரவில் மழைமானி பழுது. அளவு கிடைக்காத இடத்தில் மைனஸ் 99 என்று இட்டுவைப்பது தரவுக் கோப்புகளில் பழைய வழக்கம். அதை அறியாத நிரல் மூன்றையும் கூட்டினால் வருவது 11. பெய்ததோ குறைந்தது 110! இதைப் பிடிக்க நிரல் மட்டும் தெரிந்தால் போதாது, மழையும் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டும் தெரிந்தவருக்கு 2012 வரை ஒரு பெயர்கூட இல்லை. அந்த ஆண்டு ஒக்ஸ்போர்டில் கூடியவர்கள்தான் 'ஆய்வு மென்பொருள் பொறியியலாளர்' என்று அழைக்கத் தொடங்கினார்கள். 2019 இல் பிரித்தானியாவில் அவர்களுக்கென ஒரு சங்கமும் பதிவானது.

பெயர் வந்தாலும் பதவி உயர்வுக்கு ஆய்வுக் கட்டுரையைத்தான் எண்ணுகிறார்கள். மூன்று ஆண்டு ஒப்பந்தம் முடிந்ததும் ஆள் கொழும்பு நிறுவனமொன்றுக்கு பஸ் ஏறிவிடுகிறார். அவர் எழுதியதைத் திறந்து பார்க்கவே பின்னால் வருபவருக்குப் பயம். (பார்த்திருக்கிறேன். பயம் நியாயமானதுதான்.)

[காட்சி: வரைபடத்தில் தலவாக்கலையும் பேராதனையும்.]

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி 2012 இலேயே இவர்களை ஒரே குழுவாக்கி, பல துறைகளுக்கும் பொதுவாக வைத்தது. ஒரு திட்டத்தின் பணம் தீர்ந்தால் அடுத்த திட்டம், வேலை போவதில்லை. தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்துக்கும் பேராதனை விவசாயத் திணைக்களத்துக்கும் பொதுவாக நான்கு பேரை நிரந்தரமாக வைத்தால் என்ன? தனித்தனியாக ஆள் தேடும் செலவாவது மிச்சமாகும்.

பதவி உயர்வுப் படிவத்தில் ஒரு கேள்வியையும் சேர்க்கலாம்: நீங்கள் எழுதிய நிரலை இன்று யார் யார் பயன்படுத்துகிறார்கள்?