சந்தேகங்களுக்கு விளக்கம்: கார் டீட்டெய்லிங் குழுவுக்கு டி-ஷர்ட் வடிவமைப்பது எப்படி?

வணக்கம். கோயம்புத்தூரிலிருந்து ஒரு நண்பர் அனுப்பிய கேள்வியை இன்று எடுத்துக்கொள்கிறேன். அவரும் அவருடைய நண்பர்களும் சேர்ந்து 40 பேர் கொண்ட ஒரு குழு. விடுமுறை நாட்களில் ஒன்றுகூடி, தங்கள் கார்களைத் தாங்களே கழுவி, பாலிஷ் போட்டு, செராமிக் கோட்டிங் எனும் பாதுகாப்புப் பூச்சு வரைக்கும் செய்பவர்கள். இதைத்தான் கார் டீட்டெய்லிங் என்கிறோம். குழுவுக்கென்று ஒரு டி-ஷர்ட் அடிக்க விரும்புகிறார்கள். கறுப்புத் துணி, பட்டன் வைத்த காலர், மார்பு முழுவதும் ஒரு காரின் வண்ணப் படம், அதன் மேலே கார் நிறுவனத்தின் சின்னம் என்று முடிவு செய்துவிட்டு, எந்தத் துணியில் எந்த முறையில் அச்சிடலாம் என்று கேட்டிருக்கிறார்.

திருப்பூரில் இதே தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். துணியையும் அச்சையும் முடிவு செய்வதற்கு முன்பு, இந்தச் சட்டை காரின் மேல் உரசப் போகிறது என்பதை வைத்துத்தான் வடிவமைப்பைத் தொடங்க வேண்டும். கிரிக்கெட் அணிக்கோ கல்லூரி விழாவுக்கோ அடிக்கும் டி-ஷர்ட்டுக்கு இந்தக் கவலை கிடையாது. காரின் நிறத்துக்கு மேலே இருக்கும் கிளியர் கோட் எனும் நிறமற்ற பூச்சு பெரும்பாலான வண்டிகளில் ஏறத்தாழ 35 முதல் 50 மைக்ரான் தடிமன்தான் இருக்கும். அது தலைமுடியைவிட மெல்லியது. கூரையைத் துடைக்கக் கை நீட்டும்போது உங்கள் வயிறும் மார்பும் கதவின் மேல் சாய்கின்றன. அந்த நேரத்தில் சட்டையின் முன்பக்கத்தில் பட்டன் இருந்தால், ஜிப் இருந்தால், கெட்டியான அச்சு இருந்தால், மணிக்கணக்கில் பாலிஷ் போட்டு நீக்கிய கீறல் கோடுகளை நீங்களே மறுபடியும் போட்டுவிடுவீர்கள்.

ஆகவே முதல் மாற்றம், காலரையும் பட்டன் பட்டியையும் விட்டுவிட்டு ரவுண்ட் நெக்குக்கு வாருங்கள். வெளி நிகழ்ச்சிகளுக்குக் காலர் வேண்டுமென்றால் தனியாகப் பிக்யூ துணியில் (போலோ டி-ஷர்ட்டுக்குப் பயன்படும் சிறு புள்ளி நெசவு போன்ற பின்னல்) ஒன்று செய்துகொள்ளலாம்; வேலைக்கு அணியும் சட்டையில் அது வேண்டாம். மார்பில் பாக்கெட்டும் வேண்டாம். பானட்டின் மேல் குனியும்போது பேனாவோ கைபேசியோ அதிலிருந்து நழுவி விழுந்தால், அந்தத் தழும்பு பாலிஷில் போகாது.

இரண்டாவது, நீளம். இதைப் பெரும்பாலானவர்கள் யோசிப்பதில்லை. கை இரண்டையும் தூக்கிக் கூரையில் பாலிஷ் மெஷினைப் பிடிக்கும்போது சாதாரண டி-ஷர்ட் மேலே ஏறிவிடும். உடனே பெல்ட் பக்கிள் வெளியே தெரியும், அது நேராகக் கதவில் போய் இடிக்கும். எனவே உங்கள் அளவுப் பட்டியலில் உடல் நீளத்தை மட்டும் எல்லா அளவுகளுக்கும் 2 அங்குலம் கூட்டச் சொல்லுங்கள். கடையில் வாங்கும் ஆயத்த டி-ஷர்ட்டில் இது நடக்காது. துணி வாங்கி வெட்டித் தைக்கும் இடத்தில்தான் செய்ய முடியும். 40 பீஸ் என்பது சிறிய ஆர்டர்தான் என்றாலும், அளவு வாரியாக எண்ணிக்கையை முன்கூட்டியே கொடுத்தால் தைத்துத் தருபவர்கள் இருக்கிறார்கள்.

துணியைப் பொறுத்தவரை, காம்டு காட்டன் (குட்டை இழைகளைச் சீவி நீக்கிய பருத்தி) சிங்கிள் ஜெர்சி (சாதாரண டி-ஷர்ட் பின்னல்), 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 180 கிராம் எடை), பயோ வாஷ் செய்தது என்று கேளுங்கள். பயோ வாஷ் என்பது நூலின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய இழைகளை என்சைம் கொண்டு அகற்றும் முறை. அது செய்த துணியில் பஞ்சு உதிர்வது குறையும், பாலிஷ் போட்ட பரப்பில் தூசி ஒட்டுவதும் குறையும். காம்பாக்டிங், அதாவது பிறகு சுருங்காதபடி முன்பே நெருக்கிவிடும் வேலை, செய்த துணியா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் நாம் கூட்டிய 2 அங்குலத்தில் பாதியை முதல் சலவையே தின்றுவிடும். பாலியெஸ்டர் விளையாட்டுத் துணி பஞ்சு உதிராது, சீக்கிரம் காயும் என்பது உண்மை. ஆனால் அது வியர்வையை உறிஞ்சாது. நம் ஊர் வெயிலில் மூடிய ஷெட்டுக்குள், அதுவும் கோட்டிங் உலர்த்தும் விளக்கு எரியும் இடத்தில், பருத்திதான் உடலுக்கு ஏற்றது என்பது என் கருத்து. எந்தத் துணியாக இருந்தாலும் கோடு போடுவது துணியில்லை, அதில் ஒட்டியிருக்கும் மண் துகள்தான் என்பது உங்களுக்கே தெரியும்.

நிறத்தில் கறுப்பை மறுபரிசீலனை செய்யுங்கள். மெஷின் சுற்றும்போது தெறிக்கும் காம்பவுண்ட் (கீறல் நீக்கும் பசை) வெள்ளைப் புள்ளிகளாகக் கறுப்பின் மேல் அப்படியே தெரியும். வெள்ளைத் துணியில் டயரைக் கறுப்பாக மினுக்கும் டயர் டிரெஸ்ஸிங்கின் கறை போகாது. நடுத்தரச் சாம்பல் மெலாஞ் (பல சாயல் இழைகள் கலந்த) துணியில் இரண்டும் அவ்வளவாகக் கண்ணில் படாது. நான் செய்தால் அதைத்தான் எடுப்பேன்.

இப்போது அச்சுக்கு வருவோம். முன்பக்கம் மார்பின் இடது மேல்புறத்தில் 3 அங்குலத்துக்குள் குழுவின் பெயர் மட்டும் போதும். பெரிய வடிவம் முழுவதும் முதுகுக்குப் போகட்டும். வேலை செய்யும்போது மற்றவர்கள் உங்கள் முதுகைத்தான் பார்க்கிறார்கள், காரில் உரசாத பக்கமும் அதுதான். நீங்கள் கேட்ட முழு வண்ணப் படத்துக்கு டிடிஎஃப் முறை (ஃபிலிமில் அச்சிட்டுச் சூட்டில் துணிக்கு மாற்றுவது) எளிது, குறைந்த எண்ணிக்கைக்கும் கட்டுப்படியாகும். ஆனால் அது துணியின் மேல் ஒட்டப்படும் ஒரு படலம்; முதுகு முழுவதும் ஒட்டினால் அந்த இடத்தில் காற்றே போகாது, வியர்த்துக் கொட்டும். பிளாஸ்டிசால் எனும் பிளாஸ்டிக் கலந்த மையில் பெரிய பரப்பை நிரப்பினாலும் இதே தொல்லைதான்; தார் நீக்கும் கரைப்பான் பட்டால் அந்த மை இளகவும் கூடும். ஆகவே ஒரே நிறத்தில், நீர் சார்ந்த மையில், ஸ்கிரீன் பிரிண்டிங் செய்வதுதான் என் பரிந்துரை. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு ஸ்கிரீன் தேவை என்பதால், 40 பீஸுக்கு ஒரே நிறம் என்றால் செலவும் மிச்சமாகும்.

ஒரே நிறத்தில் என்ன வரைவது என்று யோசிப்பீர்கள். காரின் படத்தைவிட உங்கள் வேலையையே வரையுங்கள். பானட்டின் நடுவே மாஸ்கிங் டேப் ஒட்டி, ஒரு பாதியை மட்டும் பாலிஷ் போட்டு, விளக்கைக் காட்டிப் படம் எடுப்பீர்கள் அல்லவா? அதையே வடிவமாக்கலாம். மேலிருந்து பார்க்கும் ஒரு பானட், நடுவே நேராக ஒரு டேப் பட்டை. இடப்புறம் விளக்கு வெளிச்சத்தைச் சுற்றிச் சிலந்தி வலை போல் தெரியும் நுண்ணிய வட்டக் கீறல்கள். வலப்புறம் வெறும் துணி, அதில் விளக்கின் கூர்மையான பிரதிபலிப்பு ஒன்று மட்டும். டீட்டெய்லிங் தெரிந்தவர் பத்தடி தூரத்திலிருந்தே அதைப் புரிந்துகொள்வார். வலப்புறத்தில் மையே கிடையாது என்பதால் சட்டையும் லேசாக இருக்கும். அந்தக் கீறல் கோடுகள் எதுவும் அரை மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். அதைவிட மெலிந்தால் ஸ்கிரீனில் சரியாக இறங்காமல் கோடு விட்டுவிட்டு விழும். கோப்பை வெக்டராக (எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு சிதையாத கோப்பு வகை) கொடுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை வைத்து இந்தக் கோடுகளை எடுக்க இயலாது.

கார் நிறுவனத்தின் சின்னத்தைக் கட்டாயம் நீக்கிவிடுங்கள். அவை வணிகச் சின்னங்கள் சட்டம், 1999-இன் கீழ்ப் பாதுகாக்கப்பட்டவை. நாளை வேறு யாராவது கேட்டு நீங்கள் விற்கத் தொடங்கினால் சிக்கல் உங்களுக்குத்தான். பானட்டின் வடிவமும் எந்த ஒரு மாடலையும் நகல் எடுத்ததாக இல்லாமல் பொதுவானதாக இருக்கட்டும்.

மொத்தமாக அச்சிடும் முன் ஒரு மாதிரி பீஸை வாங்கி, அச்சிட்ட இடத்தை இரு கைகளாலும் இழுத்துப் பாருங்கள். பிறகு ஐந்தாறு முறை துவையுங்கள். அச்சு வெடித்தாலோ மங்கினாலோ கியூரிங் சூடு, அதாவது மையை இறுக்கும் சூடு, போதவில்லை என்று பொருள், திருப்பி அனுப்புங்கள். நீங்கள் பயன்படுத்தும் ஷாம்பு, ஆல்-பர்ப்பஸ் கிளீனர், இரும்புத் துகள் நீக்கி ஆகியவற்றில் ஒவ்வொரு சொட்டு அந்தத் துணியின் ஓரத்தில் விட்டு, சாயம் போகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

கழுத்தில் தைக்கும் லேபிளுக்குப் பதிலாக உட்புறம் நேரடியாக அச்சிடச் சொல்லுங்கள், உறுத்தாது. அந்த இடத்தில் அளவோடு சேர்த்து, “மைக்ரோஃபைபர் துணிகளுடன் சேர்த்துத் துவைக்க வேண்டாம்” என்ற வரியையும் போடுங்கள். பருத்திப் பஞ்சு, காரைத் துடைக்கும் மைக்ரோஃபைபர் துணியின் நுண்ணிய இழைகளில் சிக்கிக்கொண்டால் எடுப்பது பெரும்பாடு. உங்களுக்கு அது தெரிந்திருந்தாலும், வீட்டில் துணியை எடுத்து மெஷினில் போடுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது.