பிழைச் செய்தி வராமலே தொலையும் தகவல்

[திரையில்: இடப்பக்கம் எக்ஸ்எம்எல் கோப்பு, வலப்பக்கம் அதிலிருந்து உருவான ஜேசான் கோப்பு]

வணக்கம். ஒரு நூலகப் பட்டியலை எக்ஸ்எம்எல்லிலிருந்து ஜேசானுக்கு மாற்றியிருக்கிறோம். இரண்டும் தகவலை எழுதிவைக்கும் கோப்பு வடிவங்கள். மாற்றித் தரும் ஸ்கிரிப்ட், அதாவது சின்ன நிரல், ஓடி முடிந்தது. பிழைச் செய்தி ஒன்றுகூட இல்லை. அங்கே 5,000 பதிவுகள், இங்கேயும் 5,000. சரி, எழுந்துவிடலாமா?

கொஞ்சம் பொறுங்கள். ஒரே ஒரு பதிவைக் கிட்டே போய்ப் பார்ப்போம்.

[திரையில்: ஒரு பதிவு பெரிதாகிறது]

இந்தப் புத்தகத்துக்கு இரண்டு ஆசிரியர்கள். எக்ஸ்எம்எல்லில் 'ஆசிரியர்' என்ற டேக் (தகவலின் பெயர்க்குறி) இரண்டு முறை வருகிறது. ஜேசானில் ஒரே கீயை, அதாவது புலப்பெயரை, இரண்டு முறை எழுதினால் கோப்பைப் படிக்கும் பார்சர்களில் பெரும்பாலானவை கடைசியாக வந்ததை மட்டும் வைத்துக்கொள்ளும். முதல் ஆசிரியர் சத்தமில்லாமல் காணாமல் போய்விட்டார். உழைத்து எழுதியவரின் பெயர் அது. நம் ஸ்கிரிப்டால் அது அழியவே கூடாது.

அப்புறம் பதிவு எண்: 9007199254740993. ஜாவாஸ்கிரிப்ட் இதைச் சாதாரண எண்ணாகப் படித்தால் கடைசி இலக்கம் 2 ஆகிவிடும். 2-இன் 53-ஆம் அடுக்கைத் தாண்டிய முழு எண்களில் பலவற்றை அதனால் துல்லியமாக வைத்துக்கொள்ள முடியாது. அலமாரி எண் 00417-ஐ எண்ணாக மாற்றினால் வெறும் 417. கூட்டவோ கழிக்கவோ போகாத எண்ணை எப்போதும் எழுத்துச் சரமாகவே வையுங்கள்.

இது சின்ன விஷயமில்லை. 'செப்ட்2' போன்ற மரபணுக் குறியீடுகளை எக்ஸெல் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் அந்த மரபணுக்களின் பெயரையே மாற்ற வேண்டிவந்தது. 2020-இல் வெளியான பெயரிடும் நெறிமுறைகளில் இந்த மாற்றம் இருக்கிறது.

சரி, எப்படிச் சரிபார்ப்பது?

ஸ்கீமா சோதனை, அதாவது கோப்பு வகுத்த விதிப்படி அமைந்திருக்கிறதா என்ற சோதனை, கட்டாயம் வேண்டும். ஆனால் அது அமைப்பைத்தான் பார்க்கும். 417 அதற்கு ஒழுங்கான எண்தான்.

எஸ்ஹெச்ஏ-256 ஹாஷ், அதாவது கோப்பின் பைட்டுகளிலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற குறியீடு, எடுத்து ஒப்பிடலாமே என்பீர்கள். கோப்பை அப்படியே நகலெடுத்தால் அது போதும். வடிவம் மாறினால் பைட்டுகளும் மாறும். எக்ஸ்எம்எல்லுக்குள்ளேயே ஒரு டேக்கில் வரும் பண்புகளின் வரிசை மாறினால் பொருள் மாறாது, ஹாஷ் மாறிவிடும். அதனால் முதலில் இரண்டையும் ஒரே கெனானிகல் (நிலையான) வடிவத்துக்குக் கொண்டுவந்து, பிறகு ஹாஷ் எடுக்க வேண்டும்.

[திரையில்: 'கொ' என்ற எழுத்து இரண்டு முறை, அருகருகே]

தமிழில் இன்னொரு சிக்கல். இந்த இரண்டு 'கொ'வும் கண்ணுக்கு ஒன்றுதான். முதலாவதில் ககரமும் ஒகரக் குறியும்: எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8-இல் 6 பைட். இரண்டாவதில் ககரம், கொம்பு, கால் என்று மூன்று குறிகள்: 9 பைட். யூனிகோடு இரண்டையும் சமம் என்கிறது, ஹாஷ் ஒப்புக்கொள்ளாது. இரு பக்கத்தையும் யூனிகோடின் என்எஃப்சி முறையில் இயல்பாக்கி, அதாவது ஒரே குறியீட்டு வடிவுக்குக் கொண்டுவந்து, பிறகே ஒப்பிடுங்கள்.

போன வழியே திருப்பி மாற்றி, பழையதோடு ஒப்பிடுவதும் நல்ல சோதனை. ஆனால் அதில் ஓர் ஓட்டை உண்டு. பதிப்புத் தேதியையும் வாங்கிய தேதியையும் போகும்போது மாற்றிப் போட்டு, வரும்போதும் அதே தவறைச் செய்தால் எல்லாம் பொருந்திவிடும்.

நான் நம்புவது இதைத்தான்: மாற்றும் ஸ்கிரிப்டின் ஒரு வரியைக்கூடக் கடன் வாங்காமல் சரிபார்ப்பைத் தனியாக எழுதுங்கள். அது மூலக் கோப்பிலிருந்து மதிப்புகளை நேரே எடுத்து, பதிவு எண்ணை வைத்து ஒவ்வொரு புலமாக ஒப்பிடட்டும். கண்ணால் பார்க்க எடுக்கும் பதிவுகள் விசித்திரமானவையாக இருக்கட்டும்: மிக நீளமான தலைப்பு, காலியான புலம், நான்கு ஆசிரியர்கள் உள்ள புத்தகம்.

[திரையில்: ஜேசான் கோப்பில் ஒரு பெயரின் கடைசி எழுத்து அழிகிறது]

கடைசியாக, புதிய கோப்பின் நகலில் இப்படி ஓர் எழுத்தை வேண்டுமென்றே அழித்துவிட்டுச் சோதனையை ஓட்டுங்கள். அது எதையும் சொல்லவில்லையென்றால், முதலில் திருத்த வேண்டியது சோதனையைத்தான்.