மறைக்காட்டு உப்பு

(மும்பை சயானில் தமிழன்பர்கள் கூடிய மாலைக் கூட்டம் ஒன்றில் பேசியது. நேரம் போதாமல் விட்டுப்போன சில செய்திகளையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.)

பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

நான் முலுண்டில் இருக்கிறேன். இங்கே வர ஈஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் ஹைவேயில் பஸ் பிடித்தால் பாண்டுப், காஞ்சுர்மார்க் பக்கம் இடதுகைப்புறம் உப்பளம் தெரியும். முப்பது வருஷமாக அந்த இடம் வந்ததும் என் தலை தானாகவே அந்தப் பக்கம் திரும்பிவிடுகிறது. பக்கத்தில் இருப்பவர் கட்டடம் எங்கே வரப்போகிறது, சதுர அடி என்ன விலை போகும் என்று பேசிக்கொண்டு வருவார். எனக்கு அங்கே அகஸ்தியம்பள்ளிதான் தெரியும்.

அகஸ்தியம்பள்ளி வேதாரண்யத்தை ஒட்டிய ஊர். நான் பிறந்தது அங்கிருந்து கொஞ்சம் மேற்கே தேத்தாகுடியில். எங்கள் சுற்றுவட்டாரத்து ஊர்ப்பெயர்களைச் சொல்லிப் பார்ப்பதே எனக்கு ஒரு சந்தோஷம்: ஆயக்காரன்புலம், கருப்பம்புலம், கத்தரிப்புலம், குரவப்புலம், செம்போடை, நெய்விளக்கு, தோப்புத்துறை, புஷ்பவனம், ஆறுகாட்டுத்துறை. புலம் என்றால் நிலம். கடலோரம்தான், ஆனால் மணல் மேட்டில் மாவும் தென்னையும் முல்லையும் புகையிலையும் விளையும். விடிவதற்கு முன்பே பெண்கள் முல்லை அரும்பு பறிக்கக் கொல்லைக்குப் போய்விடுவார்கள். அதே நேரத்தில் அகஸ்தியம்பள்ளியிலும் கடினல்வயலிலும் கோடியக்காட்டிலும் வேறு பெண்கள் உப்பு வாரப் போய்க்கொண்டிருப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் இரண்டு வேலையும் முடிந்தாக வேண்டும்.

வேதாரண்யம் என்றதும் உங்களில் பலருக்கு 1930ஆம் வருஷத்து உப்புச் சத்தியாகிரகம் நினைவுக்கு வரும். அதைத்தான் பேசப் போகிறேன். ஆனால் அந்த ஒரு வருஷத்திலேயே ஊரை நிறுத்திவிடுகிறோமே என்று எனக்கு நெடுநாளாக ஒரு குறை உண்டு. அதையும் சொல்லத்தான் இன்று வந்தேன்.

ஊரின் பழைய பெயர் திருமறைக்காடு. மறை என்றால் வேதம், காடு என்றால் ஆரண்யம். வேதங்கள் வந்து வழிபட்டுக் கோயில் கதவை அடைத்துவிட்டுப் போயின, அதனால் மக்கள் பக்கத்து வாசல் வழியாகவே போய் வந்தார்கள் என்பது ஊர் வரலாறு. அப்பரும் சம்பந்தரும் சேர்ந்து வந்தபோது அப்பர் கதவு திறக்கப் பாடினார், சம்பந்தர் அடைக்கப் பாடினார். அப்பர் பதிகம் முழுக்கப் பாட வேண்டியிருந்தது. சம்பந்தருக்கு முதல் பாட்டிலேயே கதவு அடைத்துக்கொண்டது. சின்ன வயதில் அப்பருக்காக எனக்கு வருத்தமாக இருக்கும். ஆனால் அவர் கேட்டது என்ன? எல்லோரும் நேர் வாசல் வழியாக உள்ளே போக வேண்டும் என்று. அதற்கு நாழியானால் ஆகட்டும் என்று இப்போது தோன்றுகிறது. மாதுங்காவில் வீட்டுக்கு வீடு ஓதுகிறீர்களே கோளறு பதிகம், அதுவும் பிறந்தது எங்கள் ஊரில்தான். மதுரைக்குப் புறப்பட்ட சம்பந்தரிடம் நாளும் கோளும் சரியில்லை என்று அப்பர் தடுத்தபோது பாடியது. தாயுமானவர் பிறந்ததும் வேதாரண்யம்தான்.

'வேதாரண்யம் விளக்கழகு' என்பார்கள். கோயில் விளக்கில் நெய் குடிக்க வந்த எலி ஒன்று, மூக்கு சுட்டதும் துள்ளியதில் திரி தூண்டப்பட்டு, அந்தப் புண்ணியத்தால் மகாபலியாகப் பிறந்தது என்று அப்பரே பாடியிருக்கிறார். மாதுங்காவில் மலையாளிகள் ஓணம் கொண்டாடும்போது, உங்கள் மாவேலி எங்கள் ஊர் எலி என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒருமுறை சொன்னேன். கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, 'அப்ப நாம சொந்தம்' என்றார்.

சரி, உப்புக்கு வருகிறேன்.

1930 ஏப்ரல் 13. சித்திரை முதல் நாள். திருச்சியில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து ராஜாஜி தலைமையில் நூறு பேருக்குச் சற்றே குறைவான தொண்டர்கள் புறப்பட்டார்கள். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக ஏறத்தாழ 150 மைல் நடை. அவர்கள் பாடிக்கொண்டு போவதற்காகவே நாமக்கல் கவிஞர் ஒரு பாட்டு எழுதிக் கொடுத்தார். ஏப்ரல் 28ஆம் தேதி வேதாரண்யம் வந்தார்கள். 30ஆம் தேதி அதிகாலையில் அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளினார்கள். ராஜாஜி கைதானார், ஆறு மாதச் சிறை. இது எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது.

நான் சொல்ல விரும்புவது அந்தப் பதினைந்து நாள் நடையைப் பற்றி. தஞ்சாவூர் கலெக்டராக இருந்த தார்ன், இவர்களுக்குச் சோறு போட்டாலோ தங்க இடம் கொடுத்தாலோ சிறை என்று தண்டோரா போட்டு அறிவித்துவிட்டார். யோசித்துப் பாருங்கள். சித்திரை வெயில். காவிரியில் தண்ணீர் இல்லாத மாதம். நூறு பேர் நடந்து வருகிறார்கள். சோறு போட்டால் குடும்பத் தலைவன் உள்ளே போவான். என்ன செய்தார்கள் ஜனங்கள்? சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோரத்து மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். ஆற்று மணலில் புதைத்து வைத்து, எங்கே இருக்கிறது என்று அடையாளம் சொல்லி அனுப்பினார்கள். யார் கட்டினார்கள், யார் வீட்டு அடுப்பில் வெந்தது, ஒன்றுக்கும் பெயர் கிடையாது. பெயர் தெரிந்தால் சிறை என்பதால்தான் பெயர் இல்லை.

அந்தக் கைகளில் பெரும்பாலானவை பெண்களின் கைகள் என்று நான் நம்புகிறேன். நூறு பேருக்குச் சோறு வடித்துப் பொட்டலம் கட்டுவது சாதாரண வேலை இல்லை. பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல் செய்வது அதைவிடக் கஷ்டம்.

வேதாரண்யத்தில் அவர்களை ஏற்றுக்கொண்டவர் சர்தார் வேதரத்தினம் பிள்ளை. அவரும் சிறைக்குப் போனார். பிறகு 1946இல் பெண் குழந்தைகளுக்காகக் கஸ்தூரிபா காந்தி கன்யா குருகுலத்தைத் தொடங்கினார். இன்றும் அது நடக்கிறது. உப்பெடுத்துச் சிறை சென்ற ருக்மணி லட்சுமிபதியையும் விட்டுவிடக் கூடாது.

அப்புறம் வைரப்பன். முடிதிருத்தும் தொழிலாளி. போலீஸ்காரர்களுக்குச் சவரம் செய்வதில்லை என்று முடிவெடுத்திருந்தார். சாதாரண உடுப்பில் வந்து உட்கார்ந்த ஒருவருக்குப் பாதி முகம் மழித்திருக்கிறார். வந்தவர் போலீஸ் என்று தெரிந்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். கோர்ட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். மீதியை முடித்துக் கொடுத்தால் விட்டுவிடுவதாகச் சொல்லியும் மாட்டேன் என்றார். ஆறு மாதம் சிறை. ராஜாஜிக்கும் ஆறு மாதம், வைரப்பனுக்கும் ஆறு மாதம். ஊரில் அவருக்கு நினைவுத்தூண் உண்டு. போகிறவர்கள் அவசியம் பாருங்கள்.

அந்த மே மாதமே, இதோ நமக்குப் பக்கத்தில் வடாலா உப்பளத்துக்குள்ளும் பம்பாய் ஜனங்கள் புகுந்து உப்பெடுத்தார்கள், அடி வாங்கினார்கள். வடாலா ஸ்டேஷனில் தினமும் இறங்குகிற நமக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது என் குறையைச் சொல்கிறேன். ஒவ்வொரு ஏப்ரல் 30ஆம் தேதியும் அகஸ்தியம்பள்ளி நினைவுத்தூணுக்கு மாலை போடுகிறார்கள். ஒரு பிடி உப்பு அள்ளுகிறார்கள். நல்ல காரியம். அந்த ஒரு பிடியை மறுநாளும் அதற்கு மறுநாளும் கூடை கூடையாக அள்ளுகிறவர்களை யாரும் கேட்பதில்லை.

இந்த அரங்கில் பாதிப்பேர் நெல்லை, தூத்துக்குடிக்காரர்கள். உப்பளம் உங்களுக்குப் புதிது இல்லை. தமிழ்நாட்டில் தூத்துக்குடிக்கு அடுத்தபடி எங்கள் பக்கம்தான். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மழை விட்ட பிறகு, தை மாதவாக்கில், பாத்தியில் கிடக்கும் சேற்றை வழித்து எடுத்து, தரையை மிதித்து மிதித்துக் கெட்டியாக்குவார்கள். உப்புத்தண்ணீரை ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு விட்டு விட்டு வெயிலில் சுண்ட வைப்பார்கள். நன்றாக முற்றிய பிறகு கடைசிப் பாத்தியில் உப்புப் பூக்கும். ரொம்ப நாள் விட்டால் அடியில் நிற்கும் தண்ணீரில் மெக்னீசியம் ஏறிக் கசப்பு வந்துவிடும். அதை வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். எப்போது வடிப்பது என்று என் பெரியம்மா நாக்கில் தொட்டுப் பார்த்துச் சொல்வார். பலகையால் வாரி, வரப்பில் குவித்து, தலைச்சுமையாகக் கொண்டுபோய் அம்பாரம் போட வேண்டும். வெள்ளைத் தரையிலிருந்து எதிரடிக்கிற வெயிலில் கண் கூசும். கால் வெடிப்பில் உப்பு இறங்கினால் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டாம். பெரியம்மா ராத்திரியில் காலுக்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே பேசுவார், அந்த வாசனையோடுதான் எனக்கு அவர் நினைவில் இருக்கிறார்.

ஐப்பசி மழை இறங்கினால் வேலை கிடையாது. இப்போது தமிழ்நாடு அரசு மழைக்கால நிவாரணமாகக் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் தருகிறது. மூன்று மாதத்துக்கு அது போதுமா என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

2018 நவம்பர் 15ஆம் தேதி ராத்திரி. கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை ஏறியபோது மணி நடுநிசியைத் தாண்டி 16ஆம் தேதி பிறந்துவிட்டது. பதினோரு மணிக்குத் தம்பியோடு பேசிக்கொண்டிருந்தேன், லைன் அறுந்தது. அதற்கப்புறம் மூன்று நாள் ஒன்றும் தெரியவில்லை. நான் ஊர் போய்ச் சேர்ந்தபோது எங்கள் கொல்லையில் நின்றது நாலு தென்னை. அப்பா வைத்த மரங்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாயவில்லை. காற்று திசை மாறி மாறி அடித்திருக்கிறது, தலைமுடியைப் பிடித்துத் திருகியது போல நடுவில் முறிந்து கிடந்தன. உப்பளங்களில் கடல் சேறு. விற்பனைக்காக அம்பாரமாக வைத்திருந்த உப்பு கரைந்து போயிருந்தது. பல வாரம் கரண்ட் இல்லை. கோடியக்கரைக் காட்டில் மான்களும் குதிரைகளும் பறவைகளும் செத்துக் கிடந்தன.

கோடியக்கரையைப் பற்றி இரண்டு வார்த்தை, ஏனென்றால் அது மும்பைக்கும் சொந்தம். வெளிமான்களுக்காக 1967இல் சரணாலயமானது. 2002இல் அந்தச் சதுப்புநிலம், உலக அளவில் முக்கியமான சதுப்புநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அங்கே பறவைகளைப் பிடித்துக் காலில் வளையம் மாட்டி, எங்கிருந்து வருகின்றன, எங்கே போகின்றன என்று ஆராய்ந்தது நம் ஊர் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம். சாலிம் அலி தேடி வந்த கரை அது. சிவ்ரியில் சேற்றில் நிற்கும் பூநாரையைப் பார்க்கக் குழந்தைகளைக் கூட்டிப்போகிறீர்கள் அல்லவா? அதே பறவை எங்கள் சதுப்பிலும் நிற்கிறது. உப்பளமும் சேறும் இருக்கிற இடத்தில்தான் அதற்குச் சாப்பாடு. முலுண்டிலும் காஞ்சுர்மார்க்கிலும் உப்பளத்தைச் சும்மா கிடக்கிற நிலம் என்று யாராவது பேசினால் எனக்குப் பொறுக்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஊருக்குப் போவது இப்போது கொஞ்சம் சுலபம். திருத்துறைப்பூண்டி-அகஸ்தியம்பள்ளி ரயில் 2004இல் நின்றது. அகலப்பாதையாக மாறி 2023 ஏப்ரலில்தான் மறுபடி ஓடியது. 37 கிலோமீட்டருக்குப் பத்தொன்பது வருஷம் காத்திருந்தோம். அந்த ரயிலில் போங்கள். மாசி, பங்குனியில் போங்கள். தூணைப் பார்த்த கையோடு திரும்பிவிடாமல், விடியற்காலை அஞ்சு மணிக்கு உப்பளத்து வரப்பில் போய் நில்லுங்கள்.

கடைசியாக உங்களிடம் ஒரு காரியம் கேட்கிறேன். மாதுங்காவிலும் செம்பூரிலும் இருக்கிற எத்தனையோ குடும்பங்கள் கும்பகோணம், மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கத்திலிருந்து வந்தவை. ராஜாஜி நடந்த பாதை உங்கள் பூர்விக வீட்டு வாசலை ஒட்டிப் போயிருக்கலாம். இன்று ராத்திரி ஊரில் இருக்கும் பெரியவர்களுக்குப் போன் பண்ணுங்கள். நம் வீட்டில் யாராவது அப்போது பொட்டலம் கட்டினார்களா, எந்த மரம், எந்தப் படித்துறை, என்ன சோறு என்று கேளுங்கள். நேரில் பார்த்தவர்கள் இருக்க மாட்டார்கள். அவர்கள் சொல்லக் கேட்டவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு நான் ஒரு நோட்டோடு வந்து வாசல் பக்கம் உட்கார்ந்திருப்பேன். வந்து சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்.

வணக்கம்.