பிங்க் ஃப்ளாய்டுக்கு ஆடியவர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

பிங்க் ஃப்ளாய்ட் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் பெயரைக் கேட்டதும் பலருக்கு ஒரே காட்சிதான் மனதில் எழும். அறை விளக்கை அணைத்துவிட்டு, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்கும் ஒருவர். புரோகிரசிவ் ராக் என்ற வகைக்கே அப்படி ஒரு பெயர் வந்துவிட்டது. உட்கார்ந்து கேட்கிற இசை, தாளத்தை விரல் விட்டு எண்ணுகிற இசை, கால்களுக்கு அங்கே வேலை இல்லை என்பார்கள். அந்தக் குழுவின் முதல் மூன்று ஆண்டுகளுக்கு இந்தப் பேச்சு பொருந்தவே பொருந்தாது. 1965 முதல் 1967 வரை அவர்கள் பெரும்பாலும் ஆடுகிறவர்களுக்காகத்தான் வாசித்தார்கள். பின்னால் உலகமே வியந்து பேசிய அந்த நீண்ட வாசிப்பு ஆட்டக் கூடங்களில்தான் வளர்ந்தது. இதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேசப்போகிறேன்.

லண்டனில் ரீஜன்ட் ஸ்ட்ரீட் பாலிடெக்னிக்கில் கட்டடக்கலை படிக்க வந்த மூன்று பேர் ரோஜர் வாட்டர்ஸ், நிக் மேசன், ரிச்சர்ட் ரைட். கேம்பிரிட்ஜிலிருந்து கேம்பர்வெல் கலைக் கல்லூரிக்கு ஓவியம் படிக்க வந்தவர் சிட் பாரெட். கூடவே பாப் க்ளோஸ் என்ற தேர்ந்த கிட்டார் கலைஞர். சிக்மா சிக்ஸ், டீ செட் என்று பெயரை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் பிங்க் ஆண்டர்சன், ஃப்ளாய்ட் கவுன்சில் என்ற இரு அமெரிக்க ப்ளூஸ் கலைஞர்களின் முதற்பெயர்களைப் பாரெட் ஒட்டவைத்தார். அப்போது அவர்கள் வாசித்ததெல்லாம் ரிதம் அண்ட் ப்ளூஸ். போ டிட்லி போன்ற அமெரிக்கக் கலைஞர்களின் பாட்டுகள். கேட்ட மாத்திரத்தில் இடுப்பை அசைக்க வைக்கிற சரக்கு. மாணவர் விருந்துகளிலும் சிறு கிளப்களிலும் அதற்குத்தான் கூப்பிட்டார்கள்.

இங்கே ஒரு சிறிய செய்தி. என்னைப் பொறுத்தவரை இந்தக் குழுவின் வரலாற்றிலேயே முக்கியமான செய்தி இதுதான். லண்டனில் கென்சிங்டன் பகுதியில் கவுன்ட்டவுன் கிளப் என்று ஒன்று இருந்தது. 1965இல் இவர்களுக்கு அங்கே தொடர்ந்து வாசிக்கும் வாய்ப்பு கிடைத்தது. இரவில் தொடங்கி விடியும்வரை மூன்று சுற்று, ஒவ்வொரு சுற்றும் 90 நிமிடம். கையில் இருந்த பாட்டுகளோ அவ்வளவு நேரத்துக்குப் போதாது. அதையே திருப்பித் திருப்பி வாசித்தால் வந்தவர்கள் கிளம்பிப் போய்விடுவார்கள். அதனால் ஒவ்வொரு பாட்டின் நடுவிலும் தனி வாசிப்பை இழுத்து நீட்டத் தொடங்கினார்கள். பாட்டை இப்படியும் நீட்டலாம் என்று தங்களுக்குப் புரிந்ததே அங்கேதான் என்று மேசன் பிற்பாடு எழுதியிருக்கிறார்.

பத்து நிமிடம், இருபது நிமிடம் என்று நீளும் புரோகிரசிவ் ராக் பாடல்களுக்குப் பெரிய பெரிய காரணங்கள் சொல்வதுண்டு. மேற்கத்திய செவ்வியல் இசையின் சாயல் என்பார்கள், ஜாஸ் என்பார்கள், போதைப்பொருள் என்பார்கள். எல்லாவற்றிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இந்தக் குழுவைப் பொறுத்தவரை முதல் காரணம், தளத்தில் ஆடிக்கொண்டிருக்கிறவர்களை நிறுத்தாமல் ஆடவைக்க வேண்டிய தேவை. 

பாப் க்ளோஸ் 1965லேயே விலகினார். அது பெரிய திருப்பம். ஐவரில் கிட்டாரில் கைதேர்ந்தவர் அவர்தான். அவர் போன பிறகு பழைய ப்ளூஸ் பாட்டுகளில் சுத்தமாகத் தனி வாசிப்பு வாசிக்க ஆள் இல்லை. அந்த இடத்தைப் பாரெட் வேறு விதமாக நிரப்பினார். 1966இல் மார்க்கீ கிளப்பில் இவர்களைப் பார்த்த பீட்டர் ஜென்னர், அப்போது லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் விரிவுரையாளர். வழக்கமான பாட்டுத்தான் வாசிக்கிறார்கள், ஆனால் கிட்டார் தனி வாசிப்பு வரவேண்டிய இடத்தில் இனம் தெரியாத ஓசை ஒன்று வருகிறதே, கிட்டாரா ஆர்கனா என்று அவருக்குப் பிடிபடவில்லை. நண்பர் ஆண்ட்ரூ கிங்கைச் சேர்த்துக்கொண்டு குழுவின் நிர்வாகத்தையே ஏற்றுக்கொண்டார்.

அந்த ஓசையைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம். பின்சன் எக்கோரெக் என்பது இத்தாலியில் செய்த எதிரொலிக் கருவி. உள்ளே ஒரு காந்த உருளை சுழலும். நாம் வாசிக்கும் ஒலி அதில் பதிந்து, சுற்றிலும் வரிசையாக இருக்கும் முனைகள் வழியே ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பி வரும். ஒரு தட்டு தட்டினால் நான்கு தட்டாகக் கேட்கும். பாரெட் சிகரெட் லைட்டரைக் கம்பிகளின் மேல் வைத்து இழுத்துக்கொண்டே போவார். அந்த இழுப்பு கருவிக்குள் போய் அலையலையாக வெளியே வரும். கவனித்தீர்களா, எதிரொலி என்பதே ஒருவிதத் தாளம். டிரம்ஸ் நின்றுபோனாலும் துடிப்பு நிற்காது. ஆடுகிறவர் அதைப் பிடித்துக்கொண்டு ஆடலாம்.

1966 டிசம்பர் 23, வெள்ளிக்கிழமை இரவு. டாட்டன்ஹாம் கோர்ட் ரோட்டில், தரைக்குக் கீழே ஒரு கூடம். பிளார்னி கிளப் என்று அதற்குப் பெயர், ஐரிஷ் மக்கள் நடனமாட வரும் இடம். ஜோ பாய்டும் ஜான் ஹாப்கின்ஸும் அதை வாடகைக்கு எடுத்து அங்கே யூஎஃப்ஓ கிளப்பைத் தொடங்கினார்கள். முதல் இரவு முதலே பிங்க் ஃப்ளாய்ட் அங்கே வாசித்தது, சாஃப்ட் மெஷீன் என்ற இன்னொரு குழுவும் வாசித்தது. நடனத்துக்கென்றே இழைத்த வழவழப்பான மரத்தளம் அது. நாற்காலி வரிசை கிடையாது. படம் திரையிடுவார்கள், நாடகம் போடுவார்கள், களைத்தவர்கள் தரையிலேயே படுத்துக்கொள்வார்கள். விடியும்வரை நடக்கும்.

விளக்குகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே வண்ண மைகளை விட்டு, ஸ்லைடு புரொஜெக்டரில் வைப்பார்கள். விளக்கின் சூட்டில் மை கொதித்து, குமிழியாகி, ஒன்றை ஒன்று துரத்தும். அந்த வண்ணம் அப்படியே வாசிப்பவர்கள் மேல் ஊரும். பாரெட்டின் கிட்டாரில் வட்ட வட்டமாகக் கண்ணாடி பதித்திருக்கும். அதில் பட்ட ஒளி கூடம் முழுக்கத் தெறிக்கும். யார் வாசிக்கிறார் என்று முகம் தெரியாது. மேடையில் இருப்பவரை எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும் வழக்கம் அங்கே தளர்ந்துபோனது. பார்க்க ஆள் இல்லையென்றால் என்ன செய்வார்கள்? ஆடுவார்கள்.

அந்த ஆட்டத்துக்கு அடவு கிடையாது. ஜோடி சேர வேண்டியதில்லை. ஒவ்வொருவரும் தன் போக்கில் கையை வீசி, தலையைச் சுழற்றி ஆடினார்கள். ‘இன்டர்ஸ்டெல்லார் ஓவர்டிரைவ்’ என்ற வாத்தியப் பாடல் அந்தக் கூட்டத்துக்காகவே அளவெடுத்துத் தைத்த சட்டை. கிட்டாரும் பேஸும் சேர்ந்து படிப்படியாக இறங்கும் ஒரு சிறு சொற்றொடர், எளிதில் மனதில் ஒட்டுவது, அடித்துத் தொடங்கும். பிறகு அது கலையும். தாளம் கரையும், மறுபடி கூடும், எங்கோ போகும். எவ்வளவு நேரம் என்பது அன்றைய இரவைப் பொறுத்தது. கடைசியில் அதே சொற்றொடர் திரும்பி வந்து எல்லோரையும் ஒன்றுசேர்க்கும். நடுவில் தாளம் தளரும்போதும் ஆடுகிறவர்கள் நிற்கவில்லை. அதைத்தான் நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

1967 மார்ச்சில் முதல் இசைத்தட்டு, ‘ஆர்னால்ட் லேய்ன்’. பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் 20ஆம் இடம். ஜூனில் ‘சீ எமிலி ப்ளே’, 6ஆம் இடம். பிபிசியின் ‘டாப் ஆஃப் த பாப்ஸ்’ நிகழ்ச்சியில் தோன்றினார்கள். உடனே இங்கிலாந்து முழுவதுமுள்ள பால்ரூம்கள், அதாவது பெரிய நடனக் கூடங்கள், அழைக்கத் தொடங்கின. சிக்கலும் அங்கேதான் தொடங்கியது.

அந்த பால்ரூம்கள் வேறு உலகம். வாரம் முழுக்க உழைத்த இளைஞர்கள் சனிக்கிழமை கோட்டும் டையுமாக வருவார்கள். மூன்று நிமிடப் பாட்டு வேண்டும், கணக்கான தாளம் வேண்டும், ஜோடியோடு ஆட வேண்டும். ரேடியோவில் கேட்ட பாட்டை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு, பாட்டே இல்லாத நீண்ட வாசிப்பை இவர்கள் கொடுத்தார்கள். வெற்றிபெற்ற பாட்டுகளைப் பல இரவுகளில் வாசிக்கவே இல்லை. மாடத்திலிருந்து தலைமேல் பீரைக் கொட்டினார்கள், காசை வீசினார்கள்.

இந்த இடத்தை எழுதுகிறவர்கள் வழக்கமாகக் குழுவின் பக்கம் நின்று, ரசனையற்ற கூட்டம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. அந்த இளைஞர்கள் ஆட வந்தவர்கள். லண்டனில் யூஎஃப்ஓவுக்கு வந்தவர்களும் ஆட வந்தவர்களே. இரண்டு கூட்டத்துக்கும் உடம்பு ஒன்றுதான், பழக்கம்தான் வேறு. விடிய விடிய நேரம் உள்ளவருக்குத் தாளம் கலைந்து கூடுவது சுகம். பதினொரு மணிக்குக் கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவருக்கு அது வீண் காத்திருப்பு. பணம் கொடுத்து வந்தவரின் கோபத்தில் நியாயம் இருந்தது.

இதற்கு ஒரு மாற்று வழியைக் குழு அந்தக் கோடைக்கு முன்பே பார்த்திருந்தது. 1967 மே 12, லண்டன் குயீன் எலிசபெத் ஹால். செவ்வியல் இசைக்காகக் கட்டிய அரங்கம், இருக்கைகள் உண்டு. ஒலியை அரங்கின் நான்கு மூலைகளுக்கும் நகர்த்தும் கருவியை அங்கே பயன்படுத்தினார்கள். சோப்புக் குமிழி பறக்கவிட்டார்கள், பூக்களைத் தூவினார்கள். மிதிபட்ட பூவும் குமிழிக் கறையும் பார்த்த அரங்க நிர்வாகம் இனி இங்கே இடமில்லை என்றது. ஆனால் குழுவுக்கு ஒன்று புரிந்துவிட்டது: கூட்டத்தை உட்கார வைத்தால் முழுதாகக் கேட்பார்கள்.

நவம்பரில் கிட்டார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸோடு சுற்றுப்பயணம். ஒரே இரவில் ஏழு குழுக்கள், இவர்களுக்குக் கிடைத்தது சுமார் 20 நிமிடம். அதற்குள் பாரெட்டின் மனநிலை வெகுவாகத் தளர்ந்திருந்தது. மேடையில் கிட்டாரோடு அசையாமல் நிற்கும் நாட்கள் வந்தன. 1968 தொடக்கத்தில் கிட்டார் வாசிக்க டேவிட் கில்மோர் சேர்ந்தார், ஏப்ரலில் பாரெட்டின் விலகல் அறிவிக்கப்பட்டது. அந்த வேதனையை இங்கே விரிக்கப்போவதில்லை. அதைப் பற்றிப் பேசியவர்கள் ஏராளம்.

இசையில் நேர்ந்த மாற்றத்தை மட்டும் சொல்கிறேன். இரண்டாவது ஆல்பத்தின் தலைப்புப் பாடலை வாட்டர்ஸும் மேசனும் கட்டட வரைபடம் போடுவதுபோல் தாளில் ஏற்ற இறக்கமாக வரைந்து அமைத்தார்கள். படித்த படிப்பு கைகொடுத்தது. கூட்டத்தின் மூச்சைப் பார்த்து நீட்டிய வாசிப்பு, இப்போது திட்டமிட்ட கட்டுமானம். 1968 ஜூன் 29 அன்று ஹைட் பார்க்கில் இலவசக் கச்சேரி. மக்கள் புல்லில் அமர்ந்தும் படுத்தும் கேட்டார்கள். வானொலி அறிவிப்பாளர் ஜான் பீல் ஏரியில் ஒரு படகை வாடகைக்கு எடுத்து, அதில் படுத்துக்கொண்டே கேட்டதாகச் சொல்லி மகிழ்ந்திருக்கிறார். அற்புதமான கச்சேரி என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆடியவர்கள் படுத்துவிட்டார்கள் என்பதும் உண்மை.

எல்லோரும் இதே பாதையில் போகவில்லை. அதே 1968இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் தொடங்கிய கேன் குழுவில் இருவர், சோதனை இசைக்குப் பெயர்போன இசையமைப்பாளர் ஸ்டாக்ஹவுசனிடம் படித்தவர்கள். ஆனால் டிரம்ஸ் வாசித்த யாக்கி லீபெட்சைட், தளைகளற்ற ஜாஸை விட்டுவிட்டு ஒரே தாளத்தை மணிக்கணக்கில் பிசகாமல் வாசிப்பதைத் தேர்ந்தெடுத்தார். சோதனையும் ஆட்டமும் ஒரே கூரையின் கீழ் வாழலாம் என்று அந்தக் குழு காட்டியது. பிங்க் ஃப்ளாய்ட் விட்டுவந்த வீட்டில் கேன் குடியிருந்தது என்பேன்.

பிங்க் ஃப்ளாய்டின் உடம்பிலிருந்தும் அந்தப் பழைய பழக்கம் முழுதாகப் போய்விடவில்லை. 1973இன் ‘மணி’ (Money) பாட்டைக் கேளுங்கள். ஏழு எண்ணிக்கைத் தாளம். ‘தகிட தகதிமி’ என்று சொல்லிப் பார்த்தால் பிடிபடும். சாக்ஸபோன் அந்த ஏழிலேயே போகிறது. கிட்டார் தனி வாசிப்பு தொடங்கும் இடத்தில் தாளம் நான்குக்கு மாறுகிறது. அந்த நொடியில் பாட்டுக்கு எப்படி இறக்கை முளைக்கிறது என்று கவனியுங்கள். 1979இல் தயாரிப்பாளர் பாப் எஸ்ரின், கில்மோரை நடன கிளப்களுக்குப் போய் டிஸ்கோ கேட்டுவிட்டு வரச் சொன்னார். கில்மோருக்கு அது ரசிக்கவில்லை. ஆனாலும் அந்தத் தாளம் ‘அனதர் பிரிக் இன் த வால்’ இரண்டாம் பகுதிக்குள் நுழைந்தது. ஒரே ஒரு சரணம் இருந்த சின்னப் பாட்டு, பள்ளிப் பிள்ளைகளின் குரலைச் சேர்த்து நீட்டப்பட்டது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்தது.

இந்த உரையைக் கேட்டுவிட்டு நீங்கள் ஒன்று செய்ய வேண்டும் என்று விரும்புகிறேன். முதல் ஆல்பத்தில் இருக்கும் ‘இன்டர்ஸ்டெல்லார் ஓவர்டிரைவ்’ பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதைப் பிறகு கேளுங்கள். 1967 ஜனவரியில், யூஎஃப்ஓ தொடங்கி மூன்று வாரம்கூட ஆகாத நேரத்தில், செல்சியில் உள்ள சவுண்ட் டெக்னிக்ஸ் ஸ்டூடியோவில் பதிவான நீண்ட வடிவம் ஒன்று உண்டு. கிட்டத்தட்ட 17 நிமிடம். அதோடு பதிவான இன்னொன்றுக்கு ‘நிக்ஸ் பூகி’ என்று பெயர், மேசனின் டிரம்ஸ்தான் அதை நடத்திக்கொண்டு போகும். ஹெட்ஃபோன் வேண்டாம். ஒலிப்பெருக்கியில் கொஞ்சம் சத்தமாக வைத்து, நின்றுகொண்டு கேளுங்கள்.

நன்றி, வணக்கம்.