ஆடும் மரத்தளம், கிறீச்சிடும் பலகை: சட்டங்களுக்கு வலு சேர்ப்பது எப்படி?

(திரையில்: திருவல்லிக்கேணியில் ஒரு பழைய வீட்டின் மாடி அறை. பலகைத் தளத்தின் நடுவே ஒரு தம்ளர் தண்ணீர். ஒருவர் குதிகாலை உயர்த்தித் தரையில் ஊன்ற, தண்ணீர் தளும்புகிறது.)

திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், ஜார்ஜ் டவுன் பகுதிகளில் எஞ்சியிருக்கும் பழைய மாடி வீடுகளில் இரண்டு விதமான தளங்களைக் காணலாம். ஒன்று மெட்ராஸ் டெரஸ். சுவருக்குச் சுவர் கிடத்திய மரச்சட்டங்களின் மேல் சிறிய செங்கற்களை நிறுத்தி அடுக்கிச் சுண்ணாம்புக் காரையால் இறுக்கிய அந்தத் தளம் கனமானது, கிறீச்சிடாது. அதன் கோளாறுகளுக்கு வைத்தியமும் வேறு. இன்று நாம் பார்க்கப்போவது, சட்டங்களின் மேல் பலகை பாவிய தளத்தை மட்டுமே.

இத்தகைய தளத்தில் ஆட்டமும் சத்தமும் பெரும்பாலும் சேர்ந்தே வருவதால், இரண்டையும் ஒரே நோய் என்று எண்ணிப் பலகையின் மேல் ஆணிகளை அடித்துத் தள்ளுகிறார்கள். பலகை ஆணியின் மீதோ பக்கத்துப் பலகையின் மீதோ உரசுவதால் எழுவது சத்தம். கீழே உள்ள சட்டங்கள் வளைந்து நிமிர்வதால் வருவது ஆட்டம். ஆட்டத்தை அடக்காமல் சத்தத்தை மட்டும் அடக்கினால், அந்த அசைவே சில மாதங்களில் ஆணிகளை மீண்டும் தளர்த்திவிடும்.

(திரையில்: ஒரு மர அடிக்கோல். முதலில் படுக்கை வாக்கில் வளைக்கப்படுகிறது. பிறகு விளிம்பில் நிறுத்தி.)

படுத்த நிலையில் எளிதாக வளையும் அடிக்கோல், விளிம்பில் நிறுத்தியதும் அசைய மறுக்கிறது. சட்டத்தின் அகலத்தை இரட்டித்தால் அதன் விறைப்பு இரண்டு மடங்காகும். உயரத்தை இரட்டித்தாலோ எட்டு மடங்காகும். 5 அங்குல உயரமுள்ள சட்டம் 6 அங்குலமாக இருந்தால், மரம் ஐந்தில் ஒரு பங்குதான் கூடுகிறது, விறைப்போ 73 சதவீதம் கூடுகிறது. ஆனால் உயரத்தைக் கூட்ட அடியில் ஒட்டும் ஓர் அங்குல மரப்பட்டை பசையாலும் திருகாணியாலும் இம்மியும் நழுவாமல் பிடித்திருக்க வேண்டும். நழுவினால், தைக்காத தாள்கட்டை வளைப்பதுபோல இரண்டும் தனித்தனியே வளையும், பலன் ஏதும் இராது.

எவ்வளவு வளைவு வரை அனுமதிக்கலாம்? மரக் கட்டுமானத்துக்கான இந்தியத் தரநிர்ணயமான ஐஎஸ் 883, ஓடு, ஜிப்சம் போன்ற நொறுங்கும் பொருள்களைத் தாங்கும் சட்டங்களுக்கு நீளத்தில் 360-ல் ஒரு பங்கையும், மற்றவற்றுக்கு 240-ல் ஒரு பங்கையும் எல்லையாக வைக்கிறது. 12 அடிச் சட்டத்துக்கு இவை முறையே ஏறத்தாழ 10, 15 மில்லிமீட்டர். சுவருக்குச் சுவர் நூல் பிடித்துப் பார்த்தால் நிரந்தரத் தொய்வு தெரிந்துவிடும்.

வேலையைத் தொடங்கும் முன், ஒவ்வொரு சட்டமும் சுவருக்குள் நுழையும் முனையை ஒரு திருப்புளியால் குத்திப் பாருங்கள். சுவரின் ஈரம் அங்கேதான் தங்கும், கரையானும் அங்கேதான் ஏறும். திருப்புளி புதைந்தால், அது தச்சர் மட்டும் முடிக்கும் வேலையன்று; கட்டடப் பொறியாளரை அழைத்தே ஆக வேண்டும். முனையைச் சுற்றிச் சிமென்ட் பூசி அடைப்பதுதான் நம் ஊரில் அடிக்கடி காணும் தவறு. உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியின்றி மரம் இன்னும் வேகமாக உளுக்கும். மின்குழாய்க்காகச் சட்டத்தின் நடுப்பகுதியில், அடி விளிம்பை யாராவது வெட்டியிருக்கிறார்களா என்பதையும் பாருங்கள். வளைவின் இழுவிசை மிக அதிகமாக இருக்கும் இடம் அது.

முனைகள் நல்லபடியாக இருந்தால், வழக்கமான சிகிச்சை பழைய சட்டத்தோடு புதிய சட்டத்தை இணைப்பது. முதலில் ஜாக்கியால் முட்டுக் கொடுத்து, தொய்ந்த சட்டத்தை நாளுக்கு ஓரிரு மில்லிமீட்டராக உயர்த்த வேண்டும். அவசரப்பட்டால் சுவர்ப் பூச்சு வெடிக்கும். நிமிர்த்தாமல் இணைத்தால், ஏற்கெனவே உள்ள பாரத்தைப் பழைய மரமே சுமந்துகொண்டிருக்கும். நிமிர்ந்தபின், அதே உயரமுள்ள காய்ந்த மரத்தைப் பசை தடவிப் பக்கவாட்டில் சேர்த்து, 12 மில்லிமீட்டர் போல்டுகளை வாஷருடன் ஏறத்தாழ ஒன்றரை அடிக்கு ஒன்றாக மேலும் கீழுமாக மாற்றி முடுக்க வேண்டும். சுவருக்குள் நுழைக்க இடமில்லையென்றாலும், நடுவில் மூன்றில் இரண்டு பங்கு நீளத்துக்கு இணைத்தாலே ஆட்டம் நன்றாகக் குறையும், ஏனெனில் வளைக்கும் விசை நடுவில்தான் அதிகம். மரத்துக்குப் பதிலாக எஃகுத் தகடும் வைக்கலாம். தேக்கைவிட எஃகு பதினைந்து மடங்குக்கும் மேல் விறைப்பானது என்பதால் 6 மில்லிமீட்டர்த் தகடே கணிசமான வேலையைச் செய்துவிடும்.

என்னைக் கேட்டால், கீழ் அறையின் உயரம் இடம் கொடுக்கும் வீடுகளில், சட்டங்களுக்குக் குறுக்காக நடுவில் ஓர் எஃகு உத்திரம் கொடுப்பதே சிறந்தது. நீளம் பாதியானால், சமமாகப் பரவிய பாரத்தில் வளைவு பதினாறில் ஒரு பங்காகிவிடும்; எஃகும் சற்று வளையும் என்பதால் நடைமுறையில் பலன் கொஞ்சம் குறையும். ஆனால் தளத்தின் பாரத்தில் எட்டில் ஐந்து பங்கு இந்த ஒற்றை உத்திரத்தின் மேல் இறங்குகிறது. சுண்ணாம்புச் சாந்துச் சுவரில் அது ஒரே புள்ளியில் அழுத்தாதபடி, இரு முனைகளிலும் கருங்கல் பலகை வைத்துப் பரப்ப வேண்டும்.

சட்டங்களுக்கிடையே அதே உயரத்தில் குறுக்குக் கட்டைகளை இறுக்கமாகப் பொருத்துவது செலவு குறைந்த துணை வேலை. ஒரு சட்டத்தின் மேல் விழும் காலடியின் பாரம் அப்போது பக்கத்துச் சட்டங்களுக்கும் பகிர்ந்துபோகும்.

இவையெல்லாம் முடிந்த பிறகே சத்தத்தைக் கவனிக்க வேண்டும். மேலே ஒருவர் நடக்க, கீழிருந்து பார்த்தால் எந்தப் பலகை சட்டத்தை விட்டு எழும்பி அமர்கிறது என்பது தெரியும். அந்த இடைவெளியில் பசை தடவிய மெல்லிய ஆப்பைக் கையால் தள்ளுங்கள், சுத்தியலால் அறைந்தால் பலகை தூக்கிக்கொள்ளும். மேலிருந்து பிடிக்க வேண்டுமென்றால், பழைய தேக்கு பிளந்துவிடாதபடி முதலில் துளையிட்டு, பிறகு திருகாணியை முடுக்க வேண்டும். பலகைக்குப் பலகை உரசும் இடத்தில், அலமாரியில் இருக்கும் முகப்பவுடரைத் தூவினாலே சில காலத்துக்குப் போதும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பிய மரம் பங்குனி வெயிலில் சுருங்கும். ஆகவே திருகாணித் தலைகளை மக்கு வைத்து மூடும் வேலையைப் பங்குனி வரை தள்ளிப்போட்டு, அப்போது ஒருமுறை முடுக்கிய பிறகு மூடுங்கள்.