தவறான விடைகளைப் படித்தல்: பள்ளியில் தரவு எதற்கு?

வணக்கம் நண்பர்களே. தேர்வு முடிந்ததும் வகுப்புவாரியாகச் சராசரி மதிப்பெண்ணைக் கணக்கிட்டு, அதற்கு ஒரு பட்டை வரைபடமும் போட்டு, எந்தப் பிரிவின் பட்டை குட்டையாக நிற்கிறதோ அதன் ஆசிரியரிடம் விளக்கம் கேட்பதைத்தான் பல பள்ளிகளில் தரவுப் பகுப்பாய்வு என்று அழைக்கிறார்கள். கணித ஆசிரியராகப் பல ஆண்டுகள் அத்தகைய கூட்டங்களில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். கூட்டம் கலையும்போது, மறுநாள் வகுப்பில் எதை வேறு விதமாகச் சொல்லித்தர வேண்டும் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அந்த ஒரு கேள்விக்கு விடை தரக்கூடிய தரவு எப்படி இருக்கும் என்பதைப் பற்றியே இன்று பேசப் போகிறேன்.

திரையில் இரண்டு வினாக்களைப் பாருங்கள். 0.6, 0.45 ஆகியவற்றில் எது பெரியது என்பது முதல் வினா, 0.3, 0.75 ஆகியவற்றில் எது பெரியது என்பது இரண்டாவது. தசமப் புள்ளிக்குப் பின்னால் இருப்பதை முழு எண்ணாகவே படிக்கும் ஒரு மாணவி, 45 என்பது 6-ஐ விடப் பெரியது என்று நினைத்து முதல் வினாவில் தவறுவாள். ஆனால் அதே தவறான எண்ணத்தால், 75 என்பது 3-ஐ விடப் பெரியது என்று இரண்டாவது வினாவுக்குச் சரியாக விடை எழுதிவிடுவாள். வேறொரு மாணவன், நூறில் ஒரு பங்கு பத்தில் ஒரு பங்கை விடச் சிறியது என்று கேட்டதை அரைகுறையாக மனத்தில் கொண்டு, இலக்கங்கள் கூடினால் எண் சிறுத்துவிடும் என்று நம்புகிறான். அவனுக்கு முதல் வினா சரியாகும், இரண்டாவது தவறாகும். மதிப்பெண் பட்டியலில் இருவருக்கும் இரண்டுக்கு ஒன்று. அவர்களுடைய புரிதலோ நேர் எதிரானது. இருவரையும் ஒரே சிறப்பு வகுப்பில் உட்கார வைத்து ஒரே பயிற்சித் தாளைக் கொடுத்தால், இருவருக்கும் அது ஏன் உதவவில்லை என்று பின்னர் வியந்துகொண்டிருப்போம்.

இந்த இடத்தில் பல ஆசிரியர்கள் கையாளும் குறுக்குவழி ஒன்று உண்டு: இலக்கம் குறைந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு சுழியத்தைச் சேர்த்து, 0.60, 0.45 என்று எழுதி ஒப்பிடச் சொல்வார்கள். நானும் அப்படிச் சொல்லிக் கொடுத்தவன்தான். விடை உடனே சரியாகிவிடும். அடுத்த தேர்வின் பட்டையும் உயர்ந்துவிடும். ஆனால் இட மதிப்பு புரியாமலே இருக்கும் மாணவருக்கு அது முழு எண் ஒப்பீடாகவே தங்கிவிடுகிறது, எண்கோட்டில் 0.6-ஐக் குறிக்கச் சொன்னால் கை தடுமாறும். குறையைப் போக்காமல் அதன் அடையாளத்தை மட்டும் அழிக்கும் இத்தகைய உத்திகள், தரவைப் படிப்பவரைத்தான் முதலில் ஏமாற்றுகின்றன.

ஆகவே நான் பரிந்துரைக்கும் தாள் மிக எளிமையானது. வரிசைகளில் மாணவர்கள், நிரல்களில் வினாக்கள். கட்டங்களில் சரி, தவறு என்ற குறிகளுக்குப் பதிலாக மாணவர் எழுதிய விடையையே பதிய வேண்டும். பெயர்கள் இருக்கும் நிரலை நான் மறைத்திருக்கிறேன். ஆசிரியர் அறைச் சுவரில் ஒட்டும்போது நீங்களும் மறைத்துவிடுங்கள். ஒரு நிரலில் ஒரே தவறான விடை மீண்டும் மீண்டும் வந்தால், அது பெரும்பாலும் கவனக்குறைவாக இருக்காது. அங்கே ஒரு பொதுவான புரிதல் பிழை இருக்கிறது. மற்ற வினாக்களில் நன்றாகச் செய்தவர்கள் தவறி, பின்தங்கியவர்கள் சரியாக எழுதிய வினா ஏதேனும் இருந்தால், மாணவர்களை விட்டுவிட்டு முதலில் வினாவின் சொற்களைச் சரிபாருங்கள்.

மதிப்பெண்ணைப் போலவே வருகைப் பதிவேட்டிலும் சராசரி மாணவர்களிடையே உள்ள வேறுபாட்டை மறைத்துவிடுகிறது. 40 மாணவர்கள், 200 வேலை நாட்கள், 95 விழுக்காடு வருகை என்றால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். ஆனால் விடுபட்ட 400 மாணவர் நாட்களில் 200 நாட்கள் வெறும் ஐந்து பேருடையவையாக இருக்கலாம். அப்படியானால் அந்த ஐவரும் ஆளுக்கு 40 நாட்களை, அதாவது ஆண்டின் ஐந்தில் ஒரு பகுதியை, இழந்திருக்கிறார்கள். நாள்வாரியாகக் கூட்டும் பதிவேட்டில் அவர்கள் தென்படவே மாட்டார்கள். ஆள்வாரியாகக் கூட்டினால் முதல் இரண்டு மாதங்களிலேயே தெரிந்துவிடும்.

முன்னேற்றத்தை அளக்கும்போது ஒரு பொறி இருக்கிறது. ஒரே தேர்வில் கடைசியாக வந்த பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்துச் சிறப்புப் பயிற்சி கொடுத்தால், பயிற்சி பயனற்றதாக இருந்தாலும்கூட அவர்களின் சராசரி அடுத்த தேர்வில் பெரும்பாலும் உயரும். ஏனென்றால் அந்தப் பத்தில் சிலர் அன்று காய்ச்சலாலோ கெட்ட நேரத்தாலோ கீழே போனவர்கள். பெற்றோர், பிள்ளைகளின் உயரங்களை வைத்து பிரான்சிஸ் கால்டன் 1886-இல் எடுத்துக்காட்டிய, சராசரியை நோக்கித் திரும்பும் இயல்புதான் இது. குறைந்தது இரண்டு தேர்வுகளைப் பார்த்துக் குழுவைத் தேர்ந்தெடுப்பதும், பயிற்சி பெறாத ஒத்த நிலையினரோடு ஒப்பிடுவதும் ஓரளவு பாதுகாப்பு. 20 பேர் கொண்ட வகுப்பில் தேர்ச்சி 85-இலிருந்து 90 விழுக்காடானால், கூடியது ஒரே ஒரு மாணவர் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஒரு சமூக அளவுகோலை முடிவெடுக்க எவ்வளவு அதிகமாகப் பயன்படுத்துகிறோமோ, அவ்வளவுக்கு அது சிதைவுக்கு உள்ளாகி, தான் கண்காணிக்க வந்த செயலையே குலைக்கும் என்று உளவியலாளர் டொனால்ட் கேம்பல் 1976-இல் எழுதினார். தேர்ச்சி விகிதத்தை மட்டுமே தலைமையாசிரியர் கேட்கும் பள்ளியில், தேர்ச்சிக் கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்பவர்களுக்கே ஆசிரியரின் நேரம் முழுவதும் போய்விடுகிறது. வெகு கீழே இருப்பவரும் வெகு மேலே இருப்பவரும் கவனிப்பாரின்றி விடப்படுகிறார்கள். விடைகளைப் பதிய நான் சொன்ன தாளையும் ஆசிரியரை மதிப்பிடும் கருவியாக்கினால், அடுத்த மாதமே அது பொய் சொல்லத் தொடங்கும். எனவே அதை அந்தப் பாடத்தின் ஆசிரியர்களுக்குள்ளேயே வைத்துக்கொள்வதுதான் நல்லது என்பது என் உறுதியான கருத்து.

தசம எண்களுக்கே திரும்பி வருகிறேன். இரு குழுவினருக்கும் எண்கோட்டை வைத்துப் பாடத்தை மாற்றிய பிறகு, நான்கு வாரங்கள் கழித்து 0.8, 0.35 என்ற இணையையும் 0.2, 0.64 என்ற இணையையும் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் காரணத்தை ஒரு வரியில் எழுதச் சொல்லுங்கள். இரண்டு விடைகளும் சரியாக இருந்து காரணம் மட்டும் தவறாக எழுதப்பட்ட தாள்களைத் தனியே எடுத்து வையுங்கள். அடுத்த காணொளியில் அவற்றைப் போன்ற தாள்களைத்தான் நாம் ஒவ்வொன்றாகப் பிரித்துப் படிக்கப் போகிறோம்.