ஆஸ்பிரின் கர்ப்பிணித் தாய்மாருக்கு எப்போது உதவும்?

அன்பார்ந்த மலையக நேயர்களுக்கு வணக்கம். கர்ப்பத்தின் 20ஆம் வாரத்திற்குப் பின் பிரஷர் கூடி, சிறுநீரில் புரதம் வெளியேறும் முன்சூல்வலிப்பு நோயையும், அதைத் தடுப்பதில் ஆஸ்பிரினுக்கு உள்ள பங்கையும் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

நோயின் வேர், வயிற்றுக் குழந்தைக்கு உணவூட்டும் நஞ்சுக்கொடியில் இருக்கிறது. கர்ப்பத்தின் முதற்பாதியில் விரிய வேண்டிய கருப்பைக் குருதிக்குழாய்கள் போதிய அளவு விரியாவிட்டால், நஞ்சுக்கொடிக்குச் செல்லும் இரத்தம் குறைகிறது; அங்கிருந்து கசியும் பொருட்கள் தாயின் உடலெங்கும் குழாய்களின் உட்சுவரில் அழற்சியை மூட்டுகின்றன. உடனே இரத்தத்தை உறையவைக்கும் குருதிச் சிறுதட்டுகள் ஒட்டிக்கொண்டு, துரொம்பொக்சேன் என்னும் பொருளை வெளியிட, குழாய்கள் இறுகுகின்றன.

துரொம்பொக்சேனை ஆக்கும் நொதியத்தை ஆஸ்பிரின் முடக்குகிறது. சிறுதட்டுக்கு மற்ற உயிரணுக்களுக்கு உள்ளதுபோல் உட்கரு இல்லை; புதிய நொதியத்தை அதனால் ஆக்க இயலாது; எனவே அதன் ஆயுளான 7 முதல் 10 நாள் வரை அது முடங்கியே கிடக்கும். குழாய்ச் சுவரின் உயிரணுக்களோ நொதியத்தை மீண்டும் ஆக்கிக்கொண்டு, குழாயைத் தளர்த்தும் புரொஸ்டாசைக்ளினைச் சுரக்கின்றன. சிறிய அளவு மருந்து போதும் என்பதன் காரணம் இதுவே. அழற்சியைத் தணிக்கும் லிப்பொக்சின் வகைப் பொருட்கள் உருவாகவும் ஆஸ்பிரின் தூண்டுகோலாகிறது. அழற்சியோடு நேரடியாகத் தொடர்புடைய இச்செயலையே நான் மிகுந்த கவனத்திற்குரியதாகக் கருதுகிறேன்.

2017இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், நோய் வரும் அபாயம் கூடிய தாய்மாரில் ஒரு பகுதியினர் 11 முதல் 14ஆம் வாரத்திற்குள் தொடங்கி 36ஆம் வாரம்வரை இரவில் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் எடுத்தனர்; மற்றவர்கள் மருந்தில்லாத வெறும் மாத்திரை எடுத்தனர். 37 வாரத்திற்கு முன்பே பிரசவம் நிகழும்படியான நோய், வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 4.3 வீதமாகவும், ஆஸ்பிரின் எடுத்தவர்களில் 1.6 வீதமாகவும் இருந்தது.

ஆகவே 16ஆம் வாரத்திற்கு முன் தொடங்குவதே முக்கியம். நம் தோட்டங்களிலோ மூன்று மாதம் முடியும்வரை வெளியில் சொல்லக்கூடாது என்பார்கள். ஒருநாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போய்விடுமே என்று கொழுந்து மலைக்குப் போகும் பெண் கிளினிக்கைத் தள்ளிப்போடுகிறாள். அந்தக் கவலை நியாயமானது. ஆனால் தள்ளிப்போன வாரங்களை எந்த மாத்திரையாலும் மீட்க முடியாது. முன்பு இந்நோய் வந்தவர்கள், நீரிழிவு, சிறுநீரக நோய், ஏற்கெனவே பிரஷர் உள்ளவர்கள், இரட்டைக் குழந்தை சுமப்பவர்கள் ஆகியோர் கர்ப்பம் தெரிந்தவுடனே மிட்வைஃபிடம் கூறுங்கள்.

கடையில் வாங்கித் தாமாகப் போடலாகாது. வயிற்றுப்புண்ணோ ஆஸ்பிரின் ஒவ்வாமையோ உள்ளவர்களுக்கு அது கேடாகலாம். வைத்தியர் கொடுத்து எடுப்பவர்களுக்கும் கடும் தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி வந்தால், விடியும்வரை காத்திராமல் அப்போதே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.